கொத்தனார் பக்கம் சாய்ந்த வீடுகள்

அந்த வருஷம் சிமெண்ட் விலை ஏறியது, ஆற்று மணல் கிடைக்காமல் போனது, பெரிய கொத்தனார் கட்டிய வீடுகள் எல்லாம் அவர் இருக்கும் பக்கமாகச் சாய ஆரம்பித்தன. முதலில் சாய்ந்தது தையல்காரர் வீடு. கொத்தனார் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எதிர்ச்சாரியில் இருந்த அந்த வீட்டைக் கையால் காட்டி, "இந்தத் தெருவுல எது நேரா நிக்குதோ அது நான் கட்டுனது. மத்ததெல்லாம் நிக்கிற மாதிரி நடிக்குது" என்றார். புதிதாகச் சொன்ன பேச்சு இல்லை. அவர் சொல்லும்போது கேட்கிறவர்கள் டீயை ஊதிக்கொண்டே தலையை ஆட்டுவது வழக்கம். அன்றைக்கு வீடும் ஆட்டியது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிற ஆள் மாதிரி அவர் பக்கம் ஒரு சாண் குனிந்து, அப்படியே நின்றுவிட்டது. உள்ளே மேசையிலிருந்த கத்தரி வழுக்கி விழுந்தது, நூல்கண்டுகள் வாசல் வரை உருண்டு வந்தன. தையல்காரர் வெளியே வந்தார், வீட்டைப் பார்த்தார், கொத்தனாரைப் பார்த்தார், நூல்கண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனார். அன்று மாலைக்குள் கொடுக்க வேண்டிய துணி பாக்கி இருந்தது. அதற்கு மேல் ஆச்சரியப்பட அவருக்கு நேரமில்லை.

கொத்தனார் வேலையில் குறை சொல்ல முடியாது. ரசமட்டத்தின் குமிழி நடுவில் வந்து அசையாமல் நிற்கும் வரை அடுத்த செங்கல்லைத் தொட மாட்டார். தூக்குக்குண்டைச் சுவரோரம் தொங்கவிட்டு ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார் என்றால், சாரத்தில் நிற்கிறவர்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். வேலை மட்டும் என்றால் பரவாயில்லை. வேலை முடிகிற அன்று வாசல் சுவரில், பூச்சு ஈரமாக இருக்கும்போதே, நெஞ்சு உயரத்தில் தன் வலது உள்ளங்கையை அழுத்திப் பதிப்பார். அதை யாரும் மறைக்கக் கூடாது. வெள்ளையடித்தாலும் அந்தக் கையைச் சுற்றித்தான் அடிக்க வேண்டும். இதற்கு ஒப்புக்கொண்டால்தான் அஸ்திவாரத்துக்கு மண்வெட்டி இறங்கும். தெருவில் பாதி வீடுகளின் வாசலில் அந்தக் கை இருந்தது. வீட்டுக்காரர்கள் சாவி மாட்ட ஆணி அடிப்பதற்குக்கூட அந்தச் சுவரை விட்டுவிட்டு வேறு இடம் தேடினார்கள். தன் வீட்டு வாசலில் இன்னொருவன் கை நிரந்தரமாக இருப்பது எவனுக்கும் பிடிக்காது. ஆனால் நல்ல வீடு வேண்டும் என்றால் என்ன செய்வது.

தையல்காரர் வீட்டுக்குப் பிறகு ரொட்டிக்கடை சாய்ந்தது, அப்புறம் அஞ்சலகம். நகராட்சிப் பொறியாளர் ஸ்கூட்டரில் வந்தார். நடுத்தர வயதுப் பெண், அதிகம் பேச மாட்டார். மண்ணைத் தோண்டிப் பார்த்தார், தண்ணீர்க் குழாய் கசிகிறதா என்று பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. தற்செயலாகக் கொத்தனார் தீப்பெட்டி வாங்க எதிர்ச்சாரிக்குப் போனார். அளந்துகொண்டிருந்த சுவர் அவர் பின்னாலேயே திரும்பியதைப் பொறியாளர்தான் முதலில் கண்டுபிடித்தார். கொத்தனாரைத் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடக்கச் சொன்னார். அவர் நடக்க நடக்க இரண்டு பக்கத்து வீடுகளும் குனிந்தன. "மண்ணுல கோளாறு இல்லைங்க. எல்லாம் உங்களப் பார்த்துத்தான் சாயுது" என்றார். கொத்தனார் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும். "பின்ன? பெத்தவனப் பார்த்தா பிள்ளைங்க வராதா?" என்றார். ரொட்டிக்கடை இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. உள்ளே தட்டுகள் உடைகிற சத்தம் கேட்டது.

ஜனங்கள் எதையும் பழகிக்கொள்வார்கள். தையல்காரர் தன் மேசையின் இரண்டு கால்களை அறுத்துச் சாய்வுக்கு ஏற்றபடி சமன் செய்துகொண்டார். மற்றவர்கள் கொத்தனாரை ஒரு கருவியாகவே பயன்படுத்தத் தொடங்கினார்கள். வீடு வலப்பக்கம் ரொம்பச் சாய்ந்துவிட்டால் அவரை அழைத்துப் போய் இடப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். "அண்ணே, இப்படி நின்னு ரெண்டு வார்த்தை பெருமையா சொல்லிட்டுப் போங்கண்ணே" என்று டீயும் கொடுப்பார்கள். அவரும் சொல்வார், வீடு நிமிரும். சில சமயம் சொல்ல வந்ததற்கு மேலேயே சொல்லிவிட்டு வீட்டை மறுபக்கம் சாய்த்துவிட்டு வருவார். அவருடைய சொந்த வீட்டில்தான் விவகாரம் வேறு. அவர் நடுக்கூடத்தில் படுப்பதால் நாலு சுவரும் உள்பக்கமாக அவர் மேல் சாய்ந்து வந்தன. அலமாரிக் கதவு பாதிதான் திறந்தது. கொத்தனாரின் பெண்டாட்டி உள்ளே கையை விட்டுத் துழாவித்தான் டம்ளர் எடுக்க வேண்டியிருந்தது. "கல்யாணம் ஆன நாள்ல இருந்து இவரு பெருமையக் கேட்டுக் கேட்டு நான் ஒருத்திதான் சாய்ஞ்சு கிடந்தேன். இப்ப வீடும் சேர்ந்துகிச்சு" என்று அந்த அம்மாள் பக்கத்து வீட்டில் சொன்னார்.

இதெல்லாம் சிரிப்பாகவே போயிருக்கும், மகள் வீடு இல்லாவிட்டால். அது கொத்தனார் கடைசியாகக் கட்டிய வீடு, ஒரே மகளுக்காகக் கட்டியது. அவள் புருஷன் பஸ் கண்டக்டர். வீட்டில் பேசினாலும் கடைசி சீட்டுக்குக் கேட்கிற மாதிரி பேசுவார், மற்றபடி நல்ல பிள்ளை. அவள் அப்போது மாசமாக இருந்தாள். ஏற்கெனவே ஒன்று தங்காமல் போயிருந்தது. அதனால் பிரசவம் வரை கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, எங்கேயும் தூக்கிக்கொண்டு போகவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கொத்தனார் பழம் வாங்கிக்கொண்டு மகளைப் பார்க்கப் போனார். அவர் தெருமுனை திரும்பியதும் வீடு குனிந்தது, கட்டில் அவளோடு வழுக்கிக்கொண்டு கூடத்தைத் தாண்டி வாசற்படியில் வந்து முட்டி நின்றது. "மாமா, நீங்க ஸ்டாப்புல இறங்குனதுமே இங்க கட்டில் கிளம்பிடுது" என்று மருமகன் சத்தமாகச் சொல்ல, மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அடுத்த தடவை போனபோது யாரும் சிரிக்கவில்லை. வாசல் நிலைக்கு மேலே தொடங்கிய விரிசல் கூரை வரை போயிற்று. பூச்சு பெயர்ந்து அவள் கால்மாட்டில் விழுந்தது.

பொறியாளர் வந்து பார்த்துவிட்டு, கம்பியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகுமோ அதுதான் சுவருக்கும் ஆகிறது என்றார். கொத்தனார் இனி மகள் வீட்டுப் பக்கம் போகக் கூடாது என்று முடிவானது. போகாமல் இருந்தால் மட்டும் என்ன. அவர் எங்கே இருக்கிறாரோ அந்தத் திசையில் வீடு எட்டிப் பார்த்தது. தூர ஊரில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய் இருந்து பார்த்தார். பஸ் வருகிறதா என்று எக்கிப் பார்க்கிற கூட்டம் மாதிரி எல்லா வீடுகளும் அந்தப் பக்கம் கழுத்தை நீட்டின. மகள் வீட்டு விரிசலில் விரல் போகும் அளவுக்கு இடைவெளி விழுந்தது. அவர் திரும்பி வந்துவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக டீக்கடையில் உட்கார்ந்து பேசாமல் டீ குடித்தார். பேசாமல் இருந்தாலும் வீடு சாய்ந்தது. மனசுக்குள்ளே ஓடிக்கொண்டிருந்த பெருமையை நிறுத்த வேண்டுமே.

"யார்கிட்டயாவது போய்க் கேளுங்க, இப்படியே உட்கார்ந்திருந்தா பிள்ளை தலைல கூரை விழும்" என்று பெண்டாட்டி விரட்டினார். ஊருக்கு வெளியே ஒரு மடம் இருந்தது, அதையும் அவர்தான் கட்டியிருந்தார். இந்தத் தெருவுக்குச் சாமியார்கள் மேல் பெரிய நம்பிக்கை கிடையாது. வந்தவர்கள் எல்லோரும் நம்மிடம் எதையாவது விடச் சொல்லிவிட்டு, விட்டதை எடுத்துக்கொண்டு போனவர்கள். இந்தச் சாமியார் கொத்தனார் சொன்னதை முழுக்கக் கேட்டார். "கட்டினது நீங்க இல்ல. கை வேலை செஞ்சது, கண்ணு பார்த்தது, மண்ணு பிடிச்சுகிச்சு. நடுவுல நான்னு ஒருத்தன் வந்து உட்கார்ந்து எல்லாத்தையும் தன்னோடதுன்னு சொல்லிக்கிறான். அவன இறக்கி விட்டா உங்க ஆன்மாவுக்கும் விடுதலை, அந்த வீடுகளுக்கும் விடுதலை" என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே மடத்துத் தூண் கொத்தனார் பக்கம் சாய்ந்து வந்ததால் சாமியார் தன் பலகையை நகர்த்திப் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. "அவ்வளவுதானே? இறக்கிட்டாப் போச்சு" என்று கொத்தனார் எழுந்தார். லாரியிலிருந்து ஜல்லி இறக்குவது போல நினைத்துவிட்டார். சாமியார் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, "எப்படின்னு கேக்காதீங்க. எனக்கு வழி வாயளவுலதான் தெரியும், நடந்து பார்த்ததில்ல" என்றார். இப்படிச் சொன்ன சாமியார் இவர் ஒருவர்தான் என்பதால் அதை இங்கே எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

கொத்தனார் மொட்டையடித்துக்கொண்டு திரும்பி வந்தார். தன்னைத் தானே "இந்தக் கட்டை" என்று சொல்ல ஆரம்பித்தார். "இந்தக் கட்டைக்கு ஒரு டீ போடுப்பா" என்பார். டீக்கடைக்காரர் முதல் நாள் யாருக்கு என்று தெரியாமல் சுற்றிப் பார்த்தார். கொத்தனார் பெஞ்சில் இருந்தவர்களிடம், அகந்தை போனதிலிருந்து உடம்பு எவ்வளவு லேசாக இருக்கிறது தெரியுமா என்று விளக்கினார். "இந்தத் தெருவுல வேற எவனாவது இப்படி மொத்தமா விட்டிருக்கானா, சொல்லு பார்ப்போம்" என்று கேட்டார். அன்றைக்கு வீடுகள் சாய்ந்த சாய்வு அதுவரை யாரும் பார்க்காதது. ரொட்டிக்கடையின் மேல்மாடி ஜன்னல் அவர் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. உள்ளேயிருந்து ஒரு பெண் நேராக அவர் முகத்தைப் பார்த்து, "என்னங்க?" என்று கேட்டாள். வீடுகள் கட்டியதில் அவருக்கு இருந்த பெருமையை விட, பெருமையை விட்டதில் இருந்த பெருமை பெரிதாக இருந்தது என்பது பிறகுதான் எல்லோருக்கும் புரிந்தது. அவருக்கும் புரிந்தது. உளியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், வாசல் சுவர்களில் இருந்த தன் கையைக் கொத்தி எடுக்கப் பார்த்தார். கொத்தின இடமெல்லாம் கை வடிவத்திலேயே பள்ளம் விழுந்தது, முன்னை விட ஆழமாக, முன்னை விடப் பெரிதாக. மகள் வீட்டு விரிசலில் இப்போது கையே நுழைந்தது. கட்டிலில் படுத்தபடி அவள் அதன் வழியாகத் தெருவைப் பார்த்து, யார் போகிறார்கள் வருகிறார்கள் என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். பயத்தை வெளியே காட்டாத பெண். ஆனால் இரவில் புருஷன் கையை விடாமல் பிடித்துக்கொண்டுதான் தூங்கினாள்.

முன் சுவரை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது என்று பொறியாளர் முடிவு செய்தார். யார் கட்டுவது என்பதுதான் கேள்வி. பெரிய கொத்தனார் ஒரு செங்கல் வைத்தாலும் அது அவர் பக்கம் திரும்பிப் படுக்கும். மிச்சம் இருந்தது கோணல் மட்டும். கோணல் என்பவன் கொத்தனார் பெண்டாட்டியின் தம்பி. இளவயதில் மச்சானிடம்தான் வேலை கற்க வந்தான். அவன் கட்டிய முதல் சுவரைக் கொத்தனார் எல்லோர் முன்னாலும் காலால் மிதித்துத் தள்ளி, அவனுக்கு அந்தப் பேரையும் வைத்தார். அதற்குப் பிறகு அவன் கட்டிய சுவர்கள் அவ்வளவு ஒன்றும் மோசமில்லை. ஆனால் பேரை யார் திருப்பி வாங்குவார்கள். அவனுடைய மாமியார்கூட அவனைக் கோணல் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டார். அவன் வந்து விரிசலைத் தடவிப் பார்த்தான். தெருமுனையில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த கொத்தனாரிடம் போய், "நான் கட்டுனா கோணலாத்தான் இருக்கும் மச்சான். பரவாயில்லையா?" என்றான். நக்கல்தான், அதில் சந்தேகமில்லை. இத்தனை வருஷம் காத்திருந்த நக்கல். கொத்தனார் மகள் வீட்டைப் பார்த்தார். விரிசலுக்குப் பின்னால் கட்டில் தெரிந்தது, மகளின் கால் தெரிந்தது. "உன் இஷ்டப்படி கட்டுடா" என்றார். கோணலுக்கு ஏமாற்றமாகிவிட்டது. இன்னும் நாலு வார்த்தை பேச வைத்திருந்தான்.

வேலைக்குப் பொறியாளர் போட்ட திட்டம் இது. கட்டிலைப் பின் அறைக்கு மெதுவாக நகர்த்துவது. முன் சுவர் இல்லாத நேரத்தில் மீதி மூன்று சுவரும் தெருப்பக்கம் விழாமல் இருக்க வேண்டும், அதனால் கொத்தனார் கொல்லைப்புறத்தில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும், வேலை முடிகிற வரை எழுந்திருக்கக் கூடாது. "உட்கார்ந்து, வழக்கமா நினைக்கிறத நினைச்சுக்கங்க. அது நின்னா வீடு முன்னால போயிடும்" என்றார். "அத அவருக்குச் சொல்லிக் குடுக்கணுமாக்கும்" என்றார் பெண்டாட்டி.

காலையில் சுவர் இறங்கியது. வீடு பின்பக்கமாகக் கொத்தனாரைப் பார்த்துச் சரியான அளவில் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றது. கோணல் நூல் கட்டினான். மருமகன் லீவு போட்டுவிட்டு, "நகரு நகரு, வழி விடு" என்று யாரும் இல்லாத இடத்தில் கத்திக்கொண்டு செங்கல் சுமந்தார். கொல்லையில் கொத்தனார் கண்ணை மூடிக்கொண்டு தன்னைப் பற்றிப் பெரிதாக நினைத்துக்கொண்டிருந்தார். மகள் உயிர் அதில் இருந்ததால் கவனமாக, முதலிலிருந்து நினைத்தார். இந்த வீட்டை நான் கட்டினேன். கட்டும்போது கலவையில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றச் சொன்னேன், கலவை போடுகிறவள் போதும் என்று தடுத்துவிட்டாள், அவள் சொன்னதுதான் சரியாக இருந்தது. சரி, அவளை விடு. சுவரை நான் எழுப்பினேன். செங்கல் அந்தச் சூளையில் அந்த வருஷம் நன்றாக வெந்திருந்தது. பூச்சு காய்கிற வரை மழை வரவில்லை. சாந்துக் கரணை பிடிக்கக் கற்றுக்கொடுத்தது அப்பா. அவருக்கு யாரோ. நினைக்க நினைக்க ஆள் கூடிக்கொண்டே போனது. அந்தக் கூட்டத்தில் தன்னைத் தேடிப் பிடிப்பது அவருக்கே சிரமமாகிவிட்டது. பயந்துபோய் இன்னும் அழுத்தி நினைத்தார். இன்னும் நாலு பேர் வந்தார்கள்.

அப்போதுதான் பின் அறையிலிருந்து மகள் குரல் கேட்டது. அப்பா பின்னால் உட்கார்ந்திருப்பதும், அவர் எழுந்தால் வீடு போய்விடும் என்பதும் அவளுக்குத் தெரியும். அதனால் அவரைக் கூப்பிடவில்லை. "யாராவது கொஞ்சம் தண்ணி குடுங்களேன்" என்றாள். அம்மா குழாயடியில் இருந்தார், மற்றவர்கள் வாசல் பக்கம் சத்தத்தில் இருந்தார்கள். யாரும் வரவில்லை. "யாராவது" என்றாள் மறுபடி, நாக்கு ஒட்டின குரலில். கொத்தனார் எழுந்து போனார். பானையில் மொண்டு, தலையைத் தாங்கிப் பிடித்துக் கொடுத்தார். கண்ணைத் திறக்காமலே குடித்துவிட்டு அவள், "யாரு?" என்றாள். அவர் பதிலைத் தேடினார். வழக்கமாக அது வாயிலேயே இருக்கும். இப்போது அங்கே இல்லை. "தண்ணிம்மா. குடி" என்றார். அவள் மிச்சத்தையும் குடித்தாள்.

செம்பைக் கழுவி வைக்கலாம் என்று முன்பக்கம் வந்தார். கலவைச் சட்டி தூக்குகிற பெண்ணின் காலில் செங்கல் விழுந்து அவள் ஒரு ஓரமாக உட்கார்ந்துவிட்டிருந்தாள். சாரத்தின் மேலிருந்து கோணல் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டி, "சட்டி! எங்க சட்டி?" என்று கத்தினான். கலவை ரெடியாக இருந்தது, கை நீட்டியபடி இருந்தது. கொத்தனார் துண்டைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்து, கலவைச் சட்டியைத் தூக்கிக் கொடுத்தார். அது காலியானதும் அடுத்தது. சாயங்காலம் வரை அப்படியே போனது. "சீக்கிரம், சீக்கிரம். சாப்பிட்டியா இல்லையா?" என்று கோணல் மேலிருந்து அதட்டினான். தலையிலும் முகத்திலும் சாந்து வழிந்த ஆளை யார் என்று யாரும் பார்க்கவில்லை. வேலை நடக்கிற இடத்தில் சட்டி வந்தால் போதும்.

பொறியாளர் வேலையைப் பார்க்க வந்தவர், கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தார். நாற்காலி காலியாக இருந்தது. அவர் போட்ட கூச்சலில் எல்லோரும் அப்படியே நின்றார்கள். மருமகன் கையிலிருந்த செங்கல்லை விட்டுவிட்டுப் பின் அறைக்கு ஓடினார். "யாரு அவர எழுந்திருக்கச் சொன்னது? எவ்வளவு நேரமா எழுந்திருச்சிருக்காரு?" என்று பொறியாளர் கேட்க, எல்லோரும் வீட்டைப் பார்த்தார்கள். தலையில் சட்டியோடு கொத்தனாரும் பார்த்தார். மூலையில் தொங்கிய தூக்குக்குண்டு அசையாமல் சுவரை ஒட்டி நேராக நின்றது. கோணல் சாரத்திலிருந்து குனிந்து, தனக்கு இவ்வளவு நேரம் சட்டி கொடுத்தது யார் என்று அப்போதுதான் பார்த்தான். "மச்சான்..." என்றான். கொத்தனாரின் பெண்டாட்டி கையை வீசி எல்லோரையும் அடக்கினார். "வாய மூடிக்கிட்டு வேலையப் பாருங்க எல்லாரும். அவருக்கு ஞாபகம் வந்துடப் போகுது."

இருட்டுவதற்குள் சுவர் முடிந்து பூச்சும் ஆனது. ஒரு விரல் அளவு கோணல்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. கோணல் கரணையைக் கழுவிவிட்டு வந்து, "கை வைங்க மச்சான்" என்றான். இந்தத் தடவை நக்கல் இல்லை. கொத்தனார் தன் வலது கையைப் பார்த்தார், இது எதற்கு என்பது போல. கேட்டதை மறுக்க வேண்டாமே என்று ஈரச் சுவரில் வைத்தார். கை பதியவில்லை. உள்ளே போனது. பூச்சைத் தாண்டி, செங்கல்லைத் தாண்டி, முழங்கை வரை, தண்ணீரில் விடுகிற மாதிரி போனது. அந்தப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்த மருமகன், சுவரிலிருந்து நீண்ட விரல்களைப் பார்த்து, குலுக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் தன் டம்ளரைக் கொடுத்தார். கை வெளியே வந்தது. டம்ளர் மட்டும் உள்பக்கமே சுவரில் இடித்துக்கொண்டு டீயைச் சிந்தியது. சுவரில் ஒரு கீறல் கிடையாது. "சரி, நாளைக்கு மறக்காம சுவருக்குத் தண்ணி ஊத்துங்க, அப்பத்தான் இறுகும்" என்று சொல்லிவிட்டுக் கோணல் கூலியை வாங்கிக்கொண்டு போனான்.

அந்த மழைக்காலம் முழுவதும் மற்ற வீடுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. விரலில் சொடக்கு எடுக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும், யாராவது "நம்மளது வந்துருச்சு" என்பார்கள். தையல்காரர்தான் சண்டைக்கு வந்தார். கால் அறுத்த மேசை இப்போது மறுபக்கம் சாய்ந்துவிட்டது, அதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார். யாரும் பொறுப்பு ஏற்கவில்லை. வாசல்களில் இருந்த கைப் பள்ளங்கள் தானாக நிரம்பி வழவழப்பாகிவிட்டன, ஜனங்கள் அங்கே ஆணி அடித்துச் சாவி மாட்டினார்கள். மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது, முழுசாக, நல்ல தொண்டையோடு. பிறந்த அன்று தாத்தா வாசலைச் சுற்றிக்கொண்டு வராமல், தெருவிலிருந்து நேராகச் சுவர் வழியாக உள்ளே வந்து தொட்டிலைப் பார்த்தார். அவர் கட்டியிருந்த வேட்டியும் கூடவே வந்தது, அதில் எல்லோரும் நிம்மதிப்பட்டார்கள். அவர் வித்தை காட்டவில்லை. சுவர் எங்கே முடிகிறது, தான் எங்கே தொடங்குகிறோம் என்பதில் அவருக்கு அக்கறை போய்விட்டிருந்தது, அவ்வளவுதான். "வாசல்னு ஒண்ணு எதுக்கு வச்சிருக்கு? மனுஷங்க மாதிரி வந்தா என்ன?" என்று பெண்டாட்டி திட்டுவார். திட்டிவிட்டு, அவர் வருகிற இடத்தில் காலண்டர் மாட்டியிருந்தால் கிழிந்துவிடுமே என்று தள்ளி மாட்டினார்.

மறதி வந்துவிட்டதோ என்று பெண்டாட்டிக்குச் சந்தேகம் இருந்தது. சோதித்துப் பார்த்தார். எந்த வீட்டு அஸ்திவாரத்தில் பாறை வந்தது, எந்த வீட்டுக்கு மணல் எங்கிருந்து இறங்கியது, எல்லாம் பிசகாமல் சொன்னார். ரொட்டிக்கடையைக் காட்டி யார் கட்டியது என்று கேட்டால் மட்டும், புதிதாகப் பார்க்கிறவர் மாதிரி அண்ணாந்து பார்த்து, "நல்லா கட்டியிருக்காங்க" என்பார். தூக்கம் நன்றாக வந்தது, சாப்பாடு பிடித்தது, பேத்தி இடுப்பில் ஏறிக்கொண்டால் இறங்க மாட்டாள். கோணலிடமே கூலிக்குச் சட்டி தூக்கப் போனார். வேலையில் அவன் அதட்டுவான், இவர் தூக்குவார், மத்தியானம் இரண்டு பேரும் ஒரே தூக்குவாளியில் சாப்பிடுவார்கள். அந்த இரண்டு மச்சான்களும் சிரித்துப் பேசி அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. அவனுடைய பழைய பேரைச் சொல்வதைத் தெரு தானாகவே நிறுத்திக்கொண்டது. சின்னக் கொத்தனார் என்றார்கள்.

மடத்துச் சாமியார் விஷயம் கேள்விப்பட்டு ஒரு நாள் வந்தார். வழி எது என்று வெட்கப்படாமல் கேட்டார். "தெரியலையே சாமி. சட்டி தூக்கிட்டு இருந்தேன்" என்றார் கொத்தனார். சாமியார் யோசித்துவிட்டு அங்கேயே தங்கி அவரோடு சட்டி தூக்கினார். அவர் எந்தச் சுவர் வழியாகவும் போனதாகத் தகவல் இல்லை. ஆனால் பசி எடுத்துச் சாப்பிட்டார், முகம் தெளிந்தது, மடத்துக்குத் திரும்பியபின் பேச்சைக் குறைத்துக்கொண்டார் என்று சொல்கிறார்கள். அது போதும்.

இப்படிச் சில வருஷங்கள் போயின. மகளுக்கு இரண்டாவது பிறந்த வருஷம், மழை தொடங்கும் முன், ஒரு சாயங்காலம் கொத்தனார் வேலை முடிந்து வந்து, மகள் வீட்டு முன் சுவரில் வழக்கம் போல நுழைந்தார். உள்ளே பெண்டாட்டி டீயோடு நின்றுகொண்டிருந்தார். தோள் தெரியும் நேரம் ஆகியும் தெரியவில்லை. டீ ஆறியது. பெண்டாட்டி டம்ளரை மூடி வைத்துவிட்டுச் சுவரில் காதை வைத்துக் கேட்டார், அப்புறம் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். வைத்த கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். "அப்பா வரலையா?" என்று மகள் கேட்டாள். "வந்துட்டாரு" என்றார் அந்த அம்மாள். மகளும் வந்து கையை வைத்துப் பார்த்தாள். யாரும் அழவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அழுதது கொஞ்சம்தான், அதுவும் சுவரில் சாய்ந்துகொண்டு அழுததால் சீக்கிரம் ஆறிப்போனது. பொறியாளர் ஒரு தடவை வந்து தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தார். அந்த ஒரு விரல் கோணல் அப்படியே இருக்கிறது, ஆடவில்லை, அசையவில்லை என்றார்.

அந்தச் சுவர் வெயிலே இல்லாத நாளிலும் வெதுவெதுப்பாக இருக்கும். சின்னக் குழந்தையின் துணிகளை மகள் அதில்தான் ஆணியடித்துக் கயிறு கட்டிக் காயப் போடுகிறாள், காலையில் போட்டால் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். மழைக்காலத்தில் தையல்காரர் வீட்டுத் துணியும் அங்கேதான் காய்கிறது.